மருந்தே புண்ணான வரலாறு: பாதரசமும் வாயும்

வாய்ப்புண் என்றதும் நம் வீடுகளில் முதலில் வருகிற சொல் 'சூடு'. உடம்புச் சூடு, ராத்தூக்கம் இல்லை, மணத்தக்காளிக் கீரை சமைச்சுப் போடு, தேங்காய்ப்பால் குடி, பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவோம். அவை பலிக்கவும் செய்யும். ஏனெனில் சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும் இயல்புடையது. ஆனால் இந்த வகையில் சேராத வாய்ப்புண் ஒன்று உண்டு. நாம் சாப்பிடும் மருந்தோ, பல்லில் வைத்த பொருளோ காரணமாக வருவது அது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து விலக்கும் வரை எத்தனை கீரை சாப்பிட்டாலும் ஆறாது.

இந்த வகை வாய்ப்புண்ணுக்கு ஐந்நூறு ஆண்டுக்கால எழுத்துச் சான்று இருக்கிறது. அதன் நடுநாயகமாக இருப்பது பாதரசம். அந்தச் சரித்திரத்தை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1979-இல் கல்கத்தா வந்து, சியால்தா அருகே பல் மருத்துவச் சாமான் வியாபாரம் செய்து வருபவன். விற்கிற பொருளின் பூர்வோத்திரம் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசையால் ஞாயிற்றுக்கிழமைகளில் அலிப்பூர் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து சேர்த்த செய்திகளே இவை.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சித்த மருத்துவத்தில் ரசம் என்றால் பாதரசம். நாம் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் ரசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாதரசம் கந்தகத்தோடு சேர்ந்து சிவப்பாகக் கிடைப்பது லிங்கம், சாதிலிங்கம் என்றும் சொல்வர். உப்புச் சத்தோடு சேர்ந்த இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று வீரம், இது கடுமையான நஞ்சு. மற்றொன்று பூரம் அல்லது ரசகர்ப்பூரம். வெள்ளைக்காரன் இந்தப் பூரத்தைத்தான் 'கலோமெல்' என்றான். வெண்மையான, ருசியற்ற பொடி. பேதிக்குக் கொடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பொடி போகாத வீடே ஐரோப்பாவில் இல்லை எனலாம்.

பாதரசம் உடம்புக்குள் அளவு மீறிப் போனால் வாய் அதை முதலில் காட்டிக் கொடுக்கும். நாக்கில் செம்பைத் தொட்டது போன்ற ருசி வரும். ஈறு வீங்கிச் சிவக்கும். எச்சில் நிற்காமல் ஊறும். வாய் நாறும். பிறகு நாக்கின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண் விழும், பல் ஆடும், கொட்டும். மிக மோசமான நிலையில் கன்னச் சதையே அழுகும், தாடை எலும்பும் கெடும். 'வாய் வேக்காடு' என்று நம் நாட்டு வைத்தியர்கள் சொல்வது இதன் தொடக்கத்தை. வெந்து போனது போலவே இருக்கும் என்பதால் அந்தப் பெயர் மிகப் பொருத்தம்.

இப்போது ஐரோப்பாவுக்குப் போவோம். 1490-களில் அங்கே பரங்கிப் புண் என்னும் மேகநோய் பெருங்கொள்ளையாகப் பரவியது. அதற்குப் பாதரசக் களிம்பைத் தடவி, சூடேற்றிய அறையில் நோயாளியை அடைத்து வைத்தார்கள். நாள் போகப் போக எச்சில் பைண்ட் கணக்கில் வடியும். மருத்துவர்கள் இதைக் கண்டு பயப்படவில்லை, சந்தோஷப்பட்டார்கள்! உடம்பில் உள்ள கெட்ட நீர் வெளியேறினால் நோய் தீரும் என்பது அக்காலக் கொள்கை. எச்சிலோடு நோயின் விஷம் போகிறது என்று நினைத்தார்கள். ஆகவே எச்சில் வடியும் வரை, ஈறு புண்ணாகும் வரை மருந்தை ஏற்ற வேண்டும் என்பது விதியாகிவிட்டது. மருந்தின் நஞ்சு தலைக்காட்டும் இடம், மருந்தின் அளவுகோலாக மாறிப்போயிற்று. இந்த ஒரு பிழையான கணக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பதுதான் இக்கட்டுரையின் மையமான செய்தி.

நோயாளியின் பக்கத்திலிருந்து எழுதிய ஒருவர் உண்டு. உல்ரிச் ஃபான் ஹூட்டன் என்ற ஜெர்மானிய அறிஞர், கவிஞர், வீரரும்கூட. இவர் 1519-இல் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். பாதரச சிகிச்சையைப் பதினொரு முறை தாம் அனுபவித்ததாகவும், அதில் ஈறும் நாக்கும் தொண்டையும் புண்ணாகிப் பல் ஆடி எச்சில் ஓயாமல் ஒழுகிய கொடுமையையும் விவரமாக எழுதினார். இதைவிடச் சாவதே மேல் என்று பலர் இச்சிகிச்சையை மறுத்ததையும் குறிப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த குவாயகம் என்ற மரக்கட்டைக் கஷாயமே மேல் என்பது அவர் கட்சி. அந்தக் கஷாயமும் அவரைக் காப்பாற்றவில்லை. 1523-இல் நடுவயது தாண்டுமுன்பே இறந்துபோனார். ஆனால் வாய் படும் பாட்டை நோயாளியே எழுதி வைத்த ஆரம்பகால ஆவணங்களில் ஒன்று அவருடையது. மருத்துவர்கள் அதைப் படித்தார்கள். படித்தும் பாதரசத்தை விடவில்லை.

இதே நோய் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய 'பாவப்பிரகாசம்' என்ற ஆயுர்வேத நூல் இதைப் பிரங்க ரோகம் என்றே அழைக்கிறது. பிரங்கி, பரங்கி எல்லாம் ஒரே சொல். அவரும் இதற்கு ரசகர்ப்பூரத்தைத்தான் சொல்கிறார். ஆனால் கொடுக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, நடுவில் மருந்தை வைத்து மூடி, மேலே கிராம்புப் பொடி தூவி, பல்லில் படாமல் தண்ணீரோடு விழுங்கச் சொல்கிறார். பல்லில் படாமல்! இந்த ஒரு குறிப்புக்குள் எத்தனையோ நோயாளிகளின் அனுபவம் அடங்கியிருக்கிறது. மருந்து வாயைக் கெடுக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் பூர மருந்தைப் பனைவெல்லத்துக்குள் பொதிந்து, 'பல்லுல படாம முழுங்கணும்' என்று வைத்தியர் எச்சரிப்பார் என என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்றைய அறிவின்படி இந்த எச்சரிக்கை பாதிதான் சரி. பல்லில் படாமல் விழுங்கினாலும் பாதரசம் ரத்தத்தில் கலந்து எச்சில் சுரப்பிகள் வழியாக மறுபடி வாய்க்குத்தான் வந்து சேரும். முன்வாசலை மூடினாலும் கொல்லைப்புறம் வழியாக வந்துவிடுகிறது. ஆயினும், ஐரோப்பிய மருத்துவர் எச்சில் ஒழுகுவதை வெற்றி என்று கொண்டாடிய காலத்தில், நம் நாட்டார் வாயைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்களே, அந்த மனப்போக்கு பெரிது என்பது என் கருத்து. இதை வைத்துக்கொண்டு 'எல்லாம் நம்மவருக்கு அன்றே தெரியும்' என்று மேடையில் முழங்க நான் தயாரில்லை. அவர்களும் பாதரசத்தைக் கொடுத்தவர்கள்தான்.

பாவப்பிரகாசத்தின் இந்தப் பகுதியை உலகறியச் செய்தவர் நம்ம கல்கத்தாக்காரர், ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய். பிரெசிடென்ஸி கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர். பாதரசத்தோடு வாழ்நாளெல்லாம் பழகியவர். மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற புதிய சேர்மத்தைக் கண்டு 1896-இல் வெளியிட்டார். 1902-இல் இந்து ரசாயன வரலாற்று நூலின் முதல் பாகத்தைக் கொண்டுவந்தார். ரச நூல்களின் ஓலைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். விஞ்ஞானியாக இருந்துகொண்டே பழைய நூல்களை மதித்தவர், மதித்துக்கொண்டே அவற்றைச் சோதித்தவர். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

இவ்விடத்தில் எங்கள் சமண மரபைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமணர்க்கு விதித்த நான்கு தானங்களில் ஔஷத தானம் ஒன்று. சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயரையே அற நூலுக்கு வைத்தவர்கள் காரியாசானும் கணிமேதாவியாரும். இருவரும் சமணர். மருத்துவத்தில் உக்கிராதித்தியர் என்ற சமண ஆசாரியர் ராஷ்டிரகூடர் காலத்தில் 'கல்யாணகாரகம்' என்ற வடமொழி நூலை இயற்றினார். புலாலும் மதுவும் தேனும் இல்லாமல் மருந்து செய்யும் முறை அதன் சிறப்பு. அதிலும் ரசத்துக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஆக, உயிர்க்கொலையில்லாத மருந்தைத் தேடியவர்களும் ரசத்தை விலக்கவில்லை. தாதுப் பொருள்தானே என்று நினைத்திருப்பார்கள்.

கம்பெனி ஆட்சிக்கு வருவோம். ஜேம்ஸ் ஜான்சன் என்ற கப்பற்படை மருத்துவர் வங்காளத்தில் இருந்துவிட்டுப் போய் 1813-இல் வெப்ப நாட்டுச் சீதோஷ்ணம் ஐரோப்பியர் உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு தடித்த புத்தகம் எழுதினார. இந்தியா வரும் ஒவ்வொரு வெள்ளைக்கார மருத்துவரின் பெட்டியிலும் இது இருக்கும் என்று சொல்லும் அளவுக்குப் பெயர் பெற்றது. வங்காளக் காய்ச்சல், கல்லீரல் நோய், சீதபேதி எல்லாவற்றிற்கும் அவர் சொன்ன பிரதான மருந்து கலோமெல். வாய் வெந்து எச்சில் ஊறும் வரை கொடுக்க வேண்டும். எச்சில் வந்துவிட்டால் நோயாளி பிழைத்தான் என்று அர்த்தம்.

சென்னை ராஜதானியிலோ ஜேம்ஸ் அன்னெஸ்லி என்பவர் பெரிய கை. 1820-களில் அவர் வெளியிட்ட நூல்களில் காலராவுக்கும் சீதபேதிக்கும் ஒரு வேளைக்கு ஒரு ஸ்க்ரூபிள் கலோமெல் என்கிறார். ஸ்க்ரூபிள் என்பது இருபது கிரெயின், அதாவது ஏறத்தாழ 1.3 கிராம். நம் கணக்கில் பத்துக் குன்றிமணி எடைக்கு மேல். நாட்டு வைத்தியர் அரிசி எடை, உளுந்து எடை என்று பார்க்கிற சரக்கு இது. காலராவில் உடம்பு நீரில்லாமல் வற்றிக் கிடப்பவனுக்கு இத்தனை பேதி மருந்து! தப்பித்தவர்களில் பலர் பல்லை இழந்தார்கள். பல் போனதை வெப்ப நாட்டின் குற்றம் என்றுதான் எழுதி வைப்பார்கள்.

அதே சென்னையில் வேறு மாதிரியான மனிதரும் இருந்தார். வைட்லா எய்ன்ஸ்லி. கம்பெனி மருத்துவர். கடைத்தெருவில் விற்கும் நாட்டுச் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு தொகுத்து 1813-இல் சென்னையிலேயே நூலாக அச்சிட்டார். 1826-இல் லண்டனில் அதை விரிவாக்கி 'மெடீரியா இண்டிகா' என்று வெளியிட்டார். ரசம், ரசகர்ப்பூரம், வீரம் எல்லாம் தமிழ்ப் பெயரிலேயே அதில் வருகின்றன. தமிழ் மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகம். நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் நம்மவர் யாராவது அதைத் தமிழில் கொண்டுவந்தால் நல்லது.

இந்தப் பாதரச ஆட்சியை அரசாங்க ஆணையால் எதிர்த்த மனிதர் அமெரிக்காவில் தோன்றினார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெயர் வில்லியம் ஹாமண்ட். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-இல், முப்பத்து மூன்று வயதில், ராணுவத் தலைமை மருத்துவர் ஆனார். வந்தவுடன் எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் நோய்க் கணக்கு, சாவுக் கணக்கு வரவழைத்தார். ராணுவ மருத்துவ அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். கணக்கைப் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தெரிந்தது. காய்ச்சலுக்கும் பேதிக்கும் வந்த சிப்பாய்கள் கலோமெலால் எச்சில் ஒழுகி, வாய் அழுகிக் கிடந்தார்கள். குண்டடி படாதவனுக்கும் தாடை போயிற்று.

1863 மே 4-ஆம் தேதி ஆறாம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டார். ராணுவ மருந்துப் பட்டியலிலிருந்து கலோமெலும், வாந்திக்குக் கொடுக்கும் டார்ட்டார் எமெட்டிக்கும் நீக்கப்பட்டன. மருத்துவர்கள் இவற்றை அளவு மீறிக் கொடுப்பதைத் தடுக்க வேறு வழியில்லை, எச்சில் ஒழுக்கும் வாய் அழுகலும் அடிக்கடி நேர்கின்றன என்று காரணத்தையும் சொன்னார்.

மருத்துவ உலகம் கொதித்துவிட்டது. 'கலோமெல் கலகம்' என்றே அதற்குப் பெயர். எங்கள் கையிலிருந்து மருந்தைப் பிடுங்க இவர் யார், நாங்கள் என்ன அளவு தெரியாதவர்களா என்று கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். ஹாமண்டுக்கு யுத்த மந்திரி ஸ்டான்டனோடு முன்பே ஆகாது. 1864-இல் சாமான் கொள்முதலில் முறைகேடு என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திப் பதவியிலிருந்து நீக்கினார்கள். கலோமெல் பேரில் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் அந்தச் சுற்றறிக்கை அவரைத் தனியாளாக்கி வைத்திருந்தது. கொள்முதல் கணக்கைக் காட்டி ஒருவரைக் கவிழ்ப்பது எவ்வளவு சுலபம் என்று வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாதா! பிற்பாடு நரம்பு நோய் மருத்துவராகப் பெரும் புகழ் பெற்றார். 1879-இல் அரசு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து பழைய அந்தஸ்தைத் திருப்பிக் கொடுத்தது. இடைப்பட்ட பதினைந்து வருஷம் யார் கொடுப்பார்கள்?

அவருடைய சுற்றறிக்கைக்கு நாலு மாதம் முன்னால், அதே போரில் நர்ஸாக வேலை பார்த்த ஓர் இளம் பெண் டைஃபாய்டில் விழுந்தாள். கலோமெல் கொடுத்தார்கள். உயிர் தப்பினாள். ஆனால் உடம்பு பழையபடி தேறவேயில்லை, அதற்குப் பாதரசமே காரணம் என்று கடைசி வரை நம்பினாள். அவள்தான் 1868-இல் 'லிட்டில் விமன்' நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட். நம் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தில் படித்த கதை.

பெரியவர்கள் பட்டது போதாதென்று குழந்தைகளையும் கலோமெல் விடவில்லை. பல் முளைக்கும் பிள்ளைகளுக்கென்று இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பொட்டலத்தில் விற்ற பொடிகளில் அது கலந்திருந்தது. கை கால் சிவந்து, எச்சில் ஒழுகி, ஈறு புண்ணாகிப் பல் விழுந்து, ஓயாமல் அழும் 'இளஞ்சிவப்பு நோய்' என்று ஒன்று பல பத்தாண்டுகள் மர்மமாகவே இருந்தது. ஊட்டக் குறைவு என்றார்கள், கிருமி என்றார்கள். 1948-இல் வார்க்கனி, ஹப்பர்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இப்பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் காட்டினர். 1954-இல் பிரிட்டனில் அந்தப் பொடிகளிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள். நோயே மறைந்து போயிற்று. மேகநோய்க்கும் 1910-இல் சல்வார்சனும் 1943-இல் பெனிசிலினும் வந்து பாதரசத்தின் பிழைப்பைக் கெடுத்தன.

மருந்துப் பெட்டியிலிருந்து இறங்கிய பாதரசம் பல்லுக்குள் ஏற்கெனவே குடியேறியிருந்தது. இது என் வியாபாரம் சம்பந்தப்பட்ட பகுதி. 1826-இல் பாரிஸில் தவோ என்பவர் வெள்ளிக் காசை அராவிய தூளில் பாதரசம் கலந்து சொத்தைப் பல்லை அடைத்தார். 1833-இல் க்ராக்கோர் சகோதரர்கள் நியூயார்க்கில் இதையே ராஜ பரம்பரைப் பெயர் ஒன்று சூட்டிக் கடை பரப்பினார்கள். தங்கத்தால் பல் அடைக்கும் மருத்துவர்களுக்கு வயிற்றில் அடி. 1845-இல் அமெரிக்கப் பல் அறுவையாளர் சங்கம், பாதரசக் கலவையைத் தொடமாட்டேன் என்று உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கியது. கலோமெலால் பாழான வாய்களைப் பார்த்தவர்களின் பயம் அதில் பாதி, தங்க வியாபாரம் பாதி என்பது என் ஊகம். 1856-இல் அந்தச் சங்கமே கலைந்துவிட்டது. மலிவான சரக்கு ஜெயித்தது. ஜி. வி. பிளாக் என்பவர் 1890-களில் கலவையின் விகிதத்தைச் செம்மைப்படுத்திய பின் உலகம் முழுக்க இதுதான் வெள்ளி அடைப்பு.

நம் நாட்டில் இதற்கெல்லாம் வழி வகுத்தவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அமெரிக்காவில் அயோவாவில் 1915-இல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1920-இல் இதே கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பணத்துக்கு என்ன செய்தார்? நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்று ஐஸ்கிரீம் கடை நடத்தி, அந்த வருமானத்தில் கல்லூரியை வளர்த்தார்! ஐஸ்கிரீம் விற்றுப் பல் மருத்துவம் வளர்த்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். 1964-இல் பத்மபூஷண் கிடைத்தது. சியால்தா பக்கம் போகும்போது அவர் பெயர் தாங்கிய கல்லூரியை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வெள்ளி அடைப்பு வாயைப் புண்ணாக்குமா? பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. சிலருக்கு மட்டும், அடைத்த பல்லை ஒட்டிய கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளைச் சரிகைப் பின்னல் போலக் கோடுகள் விழும். காரம் பட்டால் எரியும். அடைப்பு தொடும் இடத்தில் மட்டும் இருப்பதுதான் அடையாளம். வேறு பொருளால் மாற்றி அடைத்தால் சில மாதங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். இதைப் படித்துவிட்டு நல்லபடியாக இருக்கும் அடைப்புகளை யாரும் தோண்டி எடுக்கச் சொல்ல வேண்டாம். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும்.

பல் செட்டிலும் பாதரசம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1850-களிலிருந்து எண்பது வருஷம்போல வல்கனைட் என்ற கெட்டி ரப்பரில்தான் செட் செய்தார்கள். ஈறு நிறம் வருவதற்காக அதில் கலந்தது நம் சாதிலிங்கம்! அண்ணம் சிவந்து எரிகிறது என்று நோயாளிகள் சொல்ல, சாதிலிங்கமே காரணம் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. செட்டை ராத்திரியும் கழற்றாமல் போட்டிருப்பதும், அதனடியில் வளரும் பூஞ்சையும்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம் என்று இப்போது தெரிகிறது. இந்த ரப்பருக்கு உரிமைத்தொகை கேட்டு மருத்துவர்களை வழக்கில் இழுத்துக்கொண்டே இருந்த கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவர் சுட்டே கொன்றார். பாக்கி வசூலுக்குப் போகிறவர்கள் கவனிக்க. 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. சரியாக வேகாத அக்ரிலிக்கில் தங்கும் திரவத்துக்கும் சிலர் வாய் ஒவ்வாது.

பல் நரம்பைக் கொல்ல 1836-இல் ஸ்பூனர் என்ற அமெரிக்கர் பரப்பிய வெள்ளைப் பாஷாணத்தை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அடைப்பு கசிந்தால் ஈறும் எலும்பும் சேர்ந்து செத்துவிடும். நம் வீடுகளில் பல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும், கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்து ஈறோடு அழுத்துவதும் இந்தக் குடும்பத்தின் சின்ன உறுப்பினர்கள். சதை வெள்ளையாக வெந்துவிடும். மாத்திரை விழுங்குவதற்கு, வைத்துக்கொள்வதற்கு அல்ல.

பாதரசம் போனபின் வந்த மருந்துகளையும் வாய்தான் காட்டிக்கொடுத்து வருகிறது. வலிப்புக்கு 1938-இல் ஃபெனிட்டாயின் வந்தது, மறு வருஷமே ஈறு தடித்து வளர்வதைக் கிம்பால் எழுதினார். ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின் மாத்திரைகளிலும் சிலருக்கு இது உண்டு. 1922-இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இருவர் நியூயார்க்கில் காய்ச்சலோடு வாயும் கண்ணும் புண்ணாகி, தோலில் கொப்புளமும் கண்ட இரு சிறுவர்களைப் பற்றி எழுதினர். மருந்தின் ஒவ்வாமையால் பெரும்பாலும் வருவது அது என்று பிறகு தெரிந்தது. உதடும் வாயும் திடீரென்று உரிந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு வலிக்குத் தரும் நிக்கொராண்டில் மாத்திரையால் நாக்கில் ஆழமான புண் வரும் என்பது 1997-இல்தான் வெளியே வந்தது.

நமக்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெரியம்மா ஒருவருக்கு மூட்டு வாதம். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை வாரத்துக்கு ஒன்று. சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மருந்துக் கடைப் பையன் வங்காளத்தில் ஏதோ சொல்லிக் கொடுத்தான். பெரியம்மாவுக்கு இரண்டும் சரியாகப் புரியாது. தினம் ஒன்று போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் வாயெல்லாம் ரணம், தண்ணீர் இறங்கவில்லை. வீட்டில் சூடு என்றே மோர் கொடுத்திருக்கிறார்கள். பல் செட் குத்துகிறதோ என்று என் வாடிக்கையாளரான ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் செட்டைத் தொடவில்லை. 'என்னென்ன மருந்து சாப்பிடறீங்க, எல்லா அட்டையையும் கொண்டு வாங்க' என்றார். அட்டையில் தீர்ந்திருந்த மாத்திரைகளை எண்ணியதும் விஷயம் விளங்கிவிட்டது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்த அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பிழைத்துக்கொண்டார், இப்போது வாரம் ஒரு நாள் மகன் கையால் கொடுக்கிறார்.

அந்தப் பெரியம்மாவின் அலமாரியில் ஊரிலிருந்து வந்த பெயர் ஒட்டாத செந்தூரப் பொட்டலமும் இருந்தது, அதை அவர் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. நம்மில் எத்தனை வீடுகளில் இப்படி இருக்கிறது! ரசம், பூரம், வீரம், லிங்கம் சேர்ந்த மருந்துகளை மருந்து விதிகளின் இ-ஒன்று அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும் என்று சீட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பொட்டலத்தில் சீட்டு ஏது? சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முறைப்படி கற்ற சித்த மருத்துவர் முதலில் நாக்கை நீட்டச் சொல்லித்தான் பார்ப்பார்.

பாதரசத்தை ஒழிக்க 2013-இல் ஜப்பானில் மினமாட்டா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2018-இல் இந்தியாவும் உறுதி செய்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் வெள்ளி அடைப்பைத் தவிர்க்கவும், மருத்துவர்கள் பாதரசத்தைப் புட்டியில் மொத்தமாக வாங்கிக் கலப்பதை நிறுத்தவும் 2022-இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரி முதல் வெள்ளி அடைப்பையே நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் 2034-க்குள் உலகம் முழுவதும் கைவிடுவதென்று முடிவாயிற்று.

நான் கடை ஆரம்பித்த புதிதில் அதிகம் போன சரக்கு பாதரசப் புட்டிதான். தண்ணீரைப் போல் பதிமூன்றரை மடங்கு எடை. உள்ளங்கையளவுப் புட்டியைத் தூக்கினால் கை இறங்கும். மருத்துவர்கள் சின்னக் கல்வத்தில் அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து, வெறுங்கையால் உருட்டுவார்கள். பிழிந்து மிஞ்சியது மேஜை இடுக்கில் ஓடும். பிறகு அளந்து அடைத்த கேப்ஸ்யூல் வந்தது, இப்போது பல் நிறத்திலேயே அடைக்கும் பொருள்களைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கண்ணாடிக் கல்வங்களில் இரண்டு இன்னும் கடையில் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.